மூன்று நிமிடப் பாட்டில் முப்பது ஆண்டுகள்: ஊவாத் தோட்டங்களின் கதை

தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்ப்பவர்களுக்கு ஒரு காட்சி நன்கு பழக்கமானது. கதாநாயகி ஜன்னலோரம் நிற்பாள். உரையாடல் நின்றுவிடும். இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் வந்த திரைப்பாடல் ஒன்று பின்னணியில் மெல்ல ஒலிக்கத் தொடங்கும். பாட்டு நடந்துகொண்டிருக்கையிலேயே அவள் சமைப்பாள், பஸ்ஸில் போவாள், பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவாள், பழைய புகைப்படமொன்றை எடுத்துத் துடைப்பாள். பாட்டு முடியும்போது கதையில் சில மாதங்களோ சில வருடங்களோ கழிந்திருக்கும். திரைத்துறையினர் இதனை மொண்டாஜ் என்பார்கள். தொகுப்புக் காட்சி என்று நாம் சொல்லலாம்.

சென்னைத் தொடர்களில் பெருகிக் கிடக்கும் இந்த உத்தியைப் பற்றி ஊவா மாகாணத்துப் பத்திரிகைக்காரன் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லாந்தை என்று பல வருடங்கள் செய்தி சேகரித்து அலைந்தவன் என்ற முறையில் எனக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பாட்டை ஓடவிட்டுக் காலத்தைக் கடத்தும் வழக்கம் இந்தத் தோட்டங்களுக்குத் தொலைக்காட்சியோடு வந்ததல்ல. தொலைக்காட்சிக்கு வெகுகாலம் முன்னரே அது லயங்களில் இருந்தது. ஆனால், அந்த லயங்களில் வாழ்ந்தவர்களின் சொந்த ஆண்டுகளைத் தொகுத்து, அவர்கள் அந்த நாட்களில் கேட்ட பாட்டையே அதன்மேல் ஓடவிட்ட தொடர் ஒன்றை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

முதலில் இந்த உத்தி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

காலத்தைச் சுருக்கிக் காட்டும் தொகுப்புக் காட்சிகளை 1930களிலேயே ஹொலிவுட்டில் தனிக்கலையாக வளர்த்தவர் ஸ்லாவ்கோ வோர்கபிச். நாட்காட்டித் தாள்கள் பறக்கும், ரயில் சக்கரங்கள் சுழலும், பத்திரிகைத் தலைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். அவற்றின் பின்னணியில் பெரும்பாலும் வாத்திய இசையே இருந்தது. மக்கள் ஏற்கெனவே வானொலியில் கேட்டுப் பழகிய பாடலை முழுதாக எடுத்துத் தொலைக்காட்சி நாடகக் காட்சியின்மேல் வைக்கும் பழக்கம் பின்னர் வந்தது. 1984 செப்டெம்பர் 16ஆம் திகதி அமெரிக்காவின் என்.பி.சி. நிறுவனம் ஒளிபரப்பிய 'மியாமி வைஸ்' தொடரின் முதல் கதையில், இரு பொலிஸ் அதிகாரிகள் இரவில் காரோட்டிச் செல்லும் காட்சிக்கு பில் கொலின்ஸ் 1981இல் வெளியிட்ட பாடல் ஒன்று பயன்படுத்தப்பட்டது. பேச்சே அதிகமில்லாத அந்தச் சில நிமிடங்களை இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். 1988 முதல் 1993 வரை வந்த 'வொண்டர் இயர்ஸ்' தொடர் அறுபதுகளின் பிற்பகுதியில் வளரும் ஒரு சிறுவனின் கதை. அது தன் காலத்தைக் காட்டியதே அந்தக் காலத்துப் பாடல்களால்தான். அதனாலேயே அதற்கு ஒரு தொல்லையும் வந்தது. அத்தனை பாடல்களுக்கும் உரிமை பெறுவது இலகுவாக இருக்கவில்லை. தொடர் முடிந்து இருபது வருடங்களுக்குப் பின்னர், 2014இலேதான் அது டீ.வீ.டி.யாக முழுமையாக வெளிவந்தது.

தமிழில் இந்த வழக்கத்தை விஜய் தொலைக்காட்சியின் தொடர்கள் வளர்த்தன. 2004இல் வந்த 'செவன் ஜி ரெயின்போ காலனி' படத்துப் பாடலொன்றின் தொடக்கச் சொற்களையே பெயராகக் கொண்டு 2006இல் 'கனா காணும் காலங்கள்' என்ற பள்ளிக்கூடத் தொடர் வந்தது. 2011இல் தொடங்கிய 'சரவணன் மீனாட்சி'யிலும் அதன்பின் வந்த தொடர்களிலும் பழைய திரைப்பாடல்கள் பின்னணியில் நிறைய ஒலித்தன. சன் தொலைக்காட்சியின் 'சித்தி' (1999–2001), 'மெட்டி ஒலி' (2002–2005) காலத்தில் தொடருக்கென்றே எழுதப்பட்ட தலைப்புப் பாடல்கள்தான் வீடுகளில் முணுமுணுக்கப்பட்டன. பின்னர் வந்தவர்கள் ஆயத்தமாக இருந்த பாடல்களை எடுத்துக்கொண்டார்கள்.

இவ்விரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தொடருக்கென்று எழுதிய பாடல் அந்தக் கதையைச் சொல்கிறது. நாம் முன்பே கேட்ட பாடலோ நம்முடைய ஞாபகத்தைத் தட்டி எழுப்பி, அந்த உணர்ச்சியைக் கதைக்குக் கடனாகக் கொடுக்கிறது. அது யாருடைய கலியாண வீட்டில் ஒலித்தது, எந்தப் பஸ் பயணத்தில் கேட்டது என்பதெல்லாம் பார்ப்பவரின் மனதில் கிடக்கிறது. எனவே, ஒரு சமூகம் எந்தப் பாடல்களைச் சேர்ந்து கேட்டது என்று தெரியாதவர் அந்தச் சமூகத்தின் கதையை இந்த முறையில் சொல்ல முடியாது. ஊவாத் தோட்ட மக்கள் எவற்றைச் சேர்ந்து கேட்டார்கள்?

முதலில் தப்பு. விடியற்காலை பிரட்டுக்கு எழுப்பியதும் தப்பு, திருவிழாவுக்கும் தப்பு, சாவுக்கும் தப்பு. ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. தப்பின் ஒலியை வைத்தே மேட்டு லயத்தில் என்ன நடக்கிறது என்று பணிய லயத்தில் இருப்பவர் அறிந்துகொள்வார்.

அடுத்தது கூத்து. மாசி மாதத்தில் அமாவாசைக்குப் பின்னர் கம்பம் ஊன்றித் தொடங்கும் காமன் கூத்து, மலையகத் தோட்டங்கள் தமிழகத்திலிருந்து கொண்டுவந்து காப்பாற்றி வைத்திருக்கும் பெருஞ்செல்வம். மன்மதனும் ரதியும் வேடமிட்டு லயம் லயமாக வருவார்கள். திருமணம், சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுதல், ரதி கண்ட கெட்ட கனவு, எரிதல், புலம்பல், மீண்டும் உயிர்பெறுதல் எல்லாமே பாட்டாலும் தப்பாலும் நடக்கும். ஒரு லயத்திலிருந்து மறு லயத்துக்குப் போவதற்குள் கதையில் நாட்கள் கடந்துவிடும். பார்ப்பவர்களுக்கு ஒவ்வொரு பாட்டும் முன்பே தெரியும். தெரிந்த பாட்டு என்பதாலேயே ரதியின் புலம்பலுக்குப் பெண்கள் அழுவார்கள். அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் அப்படித்தான். தபசு மரத்தில் ஏறும் அருச்சுனன் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டுப் பாடுவான். படிகள் ஏற ஏறத் தவம் செய்த காலமும் கழிகிறது. இதற்கு மொண்டாஜ் என்ற பெயரை அந்தக் கூத்து வாத்தியார்கள் அறிந்திருக்கவில்லை.

மூன்றாவது, இரவல் மெட்டு. இங்கே என் தொழிலுக்கு மூத்தவர் ஒருவரை நினைக்க வேண்டும். தஞ்சாவூரிலிருந்து வந்து, 1921இல் 'தேசநேசன்' பத்திரிகையையும் 1924இல் 'தேசபக்தன்' பத்திரிகையையும் நடத்திய கோ. நடேசய்யர், 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். தோட்டங்களுக்குள் வெளியார் நுழைந்தால் அத்துமீறல் வழக்குப் போடும் காலம் அது. அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மை கூட்டங்களில் முதலில் பாடுவார். பாட்டுக்குக் கூட்டம் சேரும், பின்னர் பேச்சு நடக்கும். மக்களுக்குப் பழக்கமான மெட்டுகளில் சம்பளம், கங்காணிக் கடன், வாக்குரிமை ஆகியவற்றைப் பற்றிய சொற்களை வைத்துப் பாடியதே அவருடைய வெற்றி. அந்தப் பாடல்கள் 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற சிறுநூலாக வந்தன. நடேசய்யர் 'இராமசாமி சேர்வையின் சரிதம்' என்ற நாடகத்தையும் எழுதினார்.

அதே 1940ஆம் ஆண்டில்தான் ஊவாவின் வேவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர்கள் தமக்குள் ஒரு சபையைத் தெரிவு செய்தார்கள் என்றும், அதனைக் கலந்தாலோசித்தே நிர்வாகம் நடத்துவதாகத் துரையை இணங்க வைத்தார்கள் என்றும், அடக்க வந்த பொலிசாரின் ஆயுதங்களைப் பறித்தார்கள் என்றும் சமசமாஜக் கட்சியின் வரலாற்றை எழுதியவர்கள் குறித்துள்ளார்கள். ஒரு தொடரில் நான்கு வாரங்களுக்குப் போதுமான கதை இது. பதுளைப் பாடசாலை மாணவர்களிடம் நான் இதைச் சொன்னபோது ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

நான்காவதும் மிகப் பெரியதும் வானொலி.

இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்காக ஏக்கலையில் அமைத்த சக்திவாய்ந்த சிற்றலை ஒலிபரப்பு நிலையம் 1949இல் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950இல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடமில்லாமற் செய்தபோது, இந்தியா முழுவதும் கொழும்பை நோக்கித் திரும்பியது. 1957இல் விவித பாரதி தொடங்கிய பின்னரும் அந்தப் பழக்கம் விடவில்லை. எஸ்.பி. மயில்வாகனம் தொடக்கம் இராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் வரை அறிவிப்பாளர்களின் பெயர்கள் தமிழ்நாட்டில் நடிகர்களின் பெயர்களைப்போல் உச்சரிக்கப்பட்டதை உலகத் தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தோட்டத்தில் நடந்தது அதனினும் வேறானது. லயத்தில் ஒரு காம்பராவில் வானொலி இருந்தால் பக்கத்துக் காம்பராக்களுக்கும் அதுவே வானொலி. இடைச்சுவர் கூரைவரை போவதில்லை. காலையில் 'பொங்கும் பூம்புனல்' ஒலிக்கும்போது எல்லோரும் மலைக்குப் புறப்படுவார்கள். நேரத்தைப் பாட்டால் அறிந்தார்கள். 'நீங்கள் கேட்டவை'யில் பாடலைக் காட்டிலும் முக்கியமானது பாடலுக்கு முன்னர் வாசிக்கப்படும் பெயர்ப்பட்டியல். தோட்டத்தின் பெயரோடு தன் பெயர் ஒலிக்க வேண்டுமென்று தபாலட்டை எழுதியவர்கள் எத்தனையோ பேர். தேர்தல் இடாப்பில் பெயரில்லாதவர்களின் பெயர் வானொலியில் வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் பின்னர், அந்த மக்களில் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டின் பதிவேட்டிலும் இல்லாதவர்களாக இருந்தார்கள் என்பதை இங்கே சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மெட்டுகள் தோட்ட எல்லையோடு நிற்கவும் இல்லை. முதலாவது சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொரொந்துவ' (1947) எஸ்.எம். நாயகத்தின் தயாரிப்பில் தென்னிந்தியாவில் உருவானது. பின்னர் வந்த பல சிங்களப் படங்களும் தமிழ், ஹிந்தி மெட்டுகளையே எடுத்துக்கொண்டன. எனவே, ஊவாவில் தேயிலை மலைக்கு மேலே தமிழ்ச் சொற்களோடு கேட்ட மெட்டு, மலைக்குக் கீழே வயல் கிராமத்தில் சிங்களச் சொற்களோடு கேட்டது. பதுளைக் கடைவீதித் தேநீர்க் கடையில் இரு பக்கத்தாரும் ஒரே மெட்டுக்குத் தலையாட்டினார்கள். 1983 ஜூலை 27ஆம் திகதி அதே கடைவீதியில் தமிழர்களின் கடைகள் எரிந்தன. இரண்டும் ஒரே தெருவில் நடந்தவை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. புகையை மலையிலிருந்துதான் பார்த்தேன்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும், 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டன. பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் கோச்சி ஏறியவர்கள் பொல்காவலையில் வடக்குப் பாதைக்கு மாறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேஸ்வரம் போனார்கள். 1984இல் கப்பல் நின்றது. இருபது வருடங்கள் நடந்த இந்தப் பிரிவைத் தொகுத்துக் காட்ட வேறென்ன வேண்டும்? தகரப் பெட்டி, சுருட்டிய பாய், அம்மி, பாஸ்போட்டில் ஒட்டிய குடும்பப் படம், புகையிரத மேடையில் ஒருவரையொருவர் விடாமல் பற்றிக்கொண்ட கைகள். அந்தக் காட்சிகளின்மேல் எந்தப் பாடலை வைப்பது என்று கேட்டால், அந்த ஆண்டுகளில் லயத்தில் ஒலித்த பாடல்களின் பட்டியலை எழுபது வயதைக் கடந்த எவரும் நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

சில வருடங்களுக்கு முன்னர் நீலகிரி மாவட்டத்தில் கோத்தகிரிப் பக்கம் சென்றிருந்தேன். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பின்னர் 'டான்டீ' என்ற கூட்டுத்தாபனமாயிற்று. அங்கே பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து போன முதிய தாயார் ஒருவரைச் சந்தித்தேன். நான் பதுளையிலிருந்து வந்தவன் என்றதும் உள்ளே அழைத்து உட்கார வைத்தார்.

"ராத்திரியில எலங்கை வானொலி போடுவோம் தம்பி. பாட்டுக்கு இல்ல, பேருக்கு. எங்க தோட்டத்துப் பேரு வருதான்னு காத்துக்கிட்டிருப்போம். ஒரு நா எங்க அண்ணன் மக பேரு வந்துச்சு. அப்பதான் அது உசுரோட இருக்குன்னு தெரிஞ்சுது."

"அம்மா, என்ன பாட்டுப் போட்டாங்க, ஞாபகமிருக்கா?" என்று கேட்டேன்.

சிரித்தார். பின்னர் அந்தப் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒரு சொல் பிசகாமல் பாடினார். அது ஒரு சாதாரணக் காதல் பாட்டு. பிரிவைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அதைத் தொலைக்காட்சித் தொடரில் கேட்டால் இன்றும் எழுந்து உள்ளே போய்விடுவதாகச் சொன்னார்.

தொடரின் இயக்குநர் அந்தப் பாட்டை வேறு எதற்கோ வைத்திருப்பார். அந்தத் தாயாருக்கு அது அண்ணன் மகளின் பெயர்.

இனி, ஊவாவிலிருந்து திரைக்குப் போன ஒருவரைச் சொல்ல வேண்டும். ஹாலிஎலைக்கு அருகில் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த ஜோசப், பதுளைக்கு அண்மையில் தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்து, அத்தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார். 'காலங்கள் சாவதில்லை' நாவலையும் 'நாமிருக்கும் நாடே' சிறுகதைகளையும் தந்த தெளிவத்தை ஜோசப்தான், தொழிற்சங்கவாதி வி.பி. கணேசன் தயாரித்து எஸ். இராமநாதன் இயக்கிய 'புதிய காற்று' (1975) படத்துக்கு எழுத்தாளர். மலையகத் தோட்ட வாழ்வைக் கதையாகக் கொண்ட முதல் தமிழ்ப் படம் அது. அதன்பின் கணேசன் 'நான் உங்கள் தோழன்' (1978), 'நாடு போற்ற வாழ்க' (1981) ஆகிய படங்களையும் எடுத்தார். 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது இலங்கையின் பல படச்சுருள்கள் சாம்பலாயின. அந்த வருடத்துக்குப் பின்னர் இலங்கைத் தமிழ்ப் படத்துறையே தளர்ந்துவிட்டது. 2013இல் விஷ்ணுபுரம் விருது பெற்ற தெளிவத்தையார் 2022 ஒக்டோபரில் காலமானார். அவருடைய கதைகளில் ஒவ்வொன்றும் ஒரு தொலைக்காட்சி நாடகத்துக்குப் போதும்.

ஆனைமலைத் தோட்டங்களுக்கு இந்த அதிர்ஷ்டம் கிடைத்தது. மருத்துவர் பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். அதைத் தழுவி பாலா 2013இல் 'பரதேசி' எடுத்தார். கங்காணியை நம்பி ஊரே தேயிலைத் தோட்டத்தை நோக்கி நாட்கணக்கில் நடக்கும் பயணம் அப்படத்தில் ஒரு பாடலில் கடக்கிறது. வழியில் விழுபவன் விழ, மற்றவர்கள் நடக்கிறார்கள். அதைப் பார்த்தபோது தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடந்து வந்தவர்களின் நினைவு எனக்கு வந்தது. 2023இல் மலையகத் தமிழர் வருகையின் இருநூறாவது ஆண்டையொட்டி அதே வழியில் ஒரு நடைபவனி போயிற்று. படப்பிடிப்புக் கருவிகள் நிறைய வந்தன, செய்தி அறிக்கைகளும் வந்தன. நாடகம் எதுவும் வரவில்லை.

தொலைக்காட்சி ஊவாவுக்கு வந்த கதை சுருக்கமானது. 1979 ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சி கொழும்புச் சுற்றுவட்டாரத்துக்குத் தொடங்கியது. 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ஜப்பானின் உதவியோடு ரூபவாஹினி வந்தது. பேதுருதாலகாலை உச்சியில் ஒலிபரப்புக் கோபுரம் எழுந்ததும் மலைநாட்டில் படம் தெரிந்தது. லயங்களுக்கு மின்சாரம் பின்னாலேதான் வந்தது. அதுவரை கார் பெற்றறியில் கறுப்பு வெள்ளைப் பெட்டி ஓடிற்று. பெற்றறியை நகரத்துக்குத் தோளில் சுமந்து சென்று சார்ஜ் பண்ணிக்கொண்டு வருவார்கள். தமிழுக்கு ஒதுக்கிய நேரம் குறைவு. சிங்கள நாடகங்களையே எல்லோரும் பார்த்தார்கள். அவற்றின் தலைப்புப் பாடல்களைத் தோட்டத்துப் பிள்ளைகள் பொருள் தெரியாமலே பாடினார்கள். 1998இல் சக்தி தொலைக்காட்சி தொடங்கியது. பின்னர் லயத்துத் தகரக் கூரைகளில் டிஷ் அன்டனாக்கள் முளைத்தன. சென்னைத் தொடர்கள் காம்பராவுக்குள் வந்து சேர்ந்தன.

இங்கேதான் எனக்கு ஒரு மனக்குறை. தொகுப்புப் பாடல் உழைப்பை எப்படிக் காட்டுகிறது என்று கவனியுங்கள். 1992இல் வந்த 'அண்ணாமலை' படத்தில் பால்காரரான ரஜினிகாந்த் ஒரு பாட்டுக்குள் பெருஞ்செல்வர் ஆகிவிடுகிறார். 'ஒரே பாட்டில் பணக்காரன்' என்று நாம் கேலி பேசினாலும், அந்தப் பாட்டுத் தரும் உற்சாகம் உண்மையானது. தொடர்களிலும் அதுதான் நடக்கிறது. கைவிடப்பட்ட பெண் தையல் இயந்திரத்தில் அமர்கிறாள், பாட்டு முடியும்போது கடை முதலாளி ஆகிறாள். பகல் முழுவதும் கொழுந்து பறித்துவிட்டு வந்து இதைப் பார்க்கும் பெண்ணின் வாழ்க்கையில் பாட்டு முடிகிறது, கூடை மாறவில்லை. 2015இல் எழுந்த 1000 ரூபா நாட்சம்பளக் கோரிக்கை 2021இலேதான் சம்பளச் சபையின் மூலம் நிறைவேறியது. ஆறு வருடங்கள். அதற்குள் அரிசியும் மாவும் விலை ஏறிவிட்டன. இந்த ஆறு வருடத்தை எந்தப் பாட்டில் கடத்துவது?

கடத்த முடியாது என்று நான் சொல்லவில்லை. காமன் கூத்து அதைச் செய்கிறது. அங்கே பாட்டு வெற்றியை நோக்கி மட்டும் ஓடவில்லை. எரிவதையும் புலம்புவதையும் முழு நேரம் கொடுத்துக் காட்டிவிட்டுத்தான் உயிர் கொடுக்கிறது. நம்முடைய நாடகக்காரர்கள் சென்னையிலிருந்து எடுக்கக்கூடிய உத்தி பாதி என்றால், மறுபாதி தங்கள் தோட்டத்துக் கம்பத்தடியிலேயே இருக்கிறது.

தடைகள் இல்லாமலில்லை. பிரபலமான திரைப்பாடலை நாடகத்தில் சேர்க்க உரிமைக் கட்டணம் வேண்டும். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பங்கு உறுதியாயிற்று. 2017இல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கே அறிவித்தல் போனது நினைவிருக்கும். படைத்தவருக்குப் பணம் சேர வேண்டியது நியாயமே. ஆனால், பதுளையில் இருந்துகொண்டு சிறு தொகையில் நாடகம் எடுக்க நினைக்கும் இளைஞருக்கு அந்தக் கட்டணம் எட்டாதது. அமெரிக்கத் தொடரே இருபது வருடம் காத்திருந்தது என்றால் நம்மவர் என்ன செய்வார்?

உரிமைக் கட்டணம் கேட்காத பாடல்களும் நம்மிடம் உண்டு. 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை, தோட்டம் தோட்டமாகக் கேட்டுத் தொகுத்த நாட்டார் பாடல்கள், அவர் 1984இல் மறைந்த பின்னர் 1987இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலாகச் சென்னையில் வெளிவந்தன. தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்துப் பாட்டு, கங்காணியைக் கேலி செய்யும் பாட்டு எல்லாம் அதில் இருக்கின்றன. சொற்கள் அச்சில் இருக்கின்றன. மெட்டு முதியவர்களின் தொண்டையில் இருக்கிறது. அந்தத் தொண்டைகள் ஒவ்வொரு வருடமும் குறைந்து வருகின்றன. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, காலையில் போய்ச் சேர்ந்த செய்தியாளர்களில் நானும் ஒருவன். மண்ணுக்குள் போனவற்றில் பாட்டும் இருந்திருக்கும் என்ற எண்ணம் எனக்கு அன்று வரவில்லை. மறுவருட நினைவு நாளில் ஒரு தாய் பாடிய ஒப்பாரியைக் கேட்டபோதுதான் வந்தது. அதைத் தன் மாமியாரிடம் கற்றதாகவும், மாமியார் அந்த மண்ணுக்குள் இருப்பதாகவும் அவர் சொன்னார்.

அண்மையில் நமுனுகுலைப் பக்கம் ஒரு கடையில் நின்றபோது, உயர்தரம் படிக்கும் பெண்பிள்ளை ஒருத்தி தன் கைப்பேசியில் தான் செய்த சிறு காணொளியைக் காட்டினாள். அவளுடைய அம்மா அதிகாலையில் அடுப்பு மூட்டுகிறார், படங்கை இடுப்பில் கட்டுகிறார், மலை ஏறுகிறார், கொழுந்து நிறுக்கிறார்கள், மாலையில் திரும்புகிறார். ஒரு நிமிடத்துக்கும் குறைவு. பின்னணியில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் அம்மா பாட்டு. ஆயிரக்கணக்கானோர் பார்த்திருந்தார்கள்.

"பாட்டி பாடுற பாட்டுப் போட்டா யாரும் பாக்க மாட்டாங்களா மகள்?" என்று கேட்டேன்.

"தெரியல சேர். பாட்டிகிட்ட கேட்டு ரெக்கோட் பண்ணிப் பாக்குறேன்" என்றாள்.

அவள் பதிவு செய்தாளா என்று இன்னும் கேட்கவில்லை. ஆனால், வெளிநாடுகளிலும் தமிழ்நாட்டிலும் இதை வாசிக்கும், ஊவாவிலிருந்து போன குடும்பங்களைச் சேர்ந்தவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் வீட்டில் முதியவர் ஒருவர் இருந்தால், தோட்டத்தை விட்டு வந்த அந்த மாதத்தில் வானொலியில் என்ன பாட்டுப் போய்க்கொண்டிருந்தது என்று கேளுங்கள். லயத்தில் என்ன பாடினார்கள் என்றும் கேளுங்கள். பாட்டின் பெயர், தோட்டத்தின் பெயர், வருடம் ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். நாளை ஒருவர் அந்த ஆண்டுகளை நாடகமாக எடுக்க வரும்போது அவர் முதலில் தேடப்போவது அந்தத் தாளைத்தான்.